பெருக்கல் கணக்கில் அடங்காத ஆபத்து

ஓசூர் சிப்காட் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பாதுகாப்பு அலுவலர்களுக்கு ஒரு வண்ண அட்டவணை மிகவும் பழக்கமானது. விபத்து நேரும் வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண். நேர்ந்தால் விளையும் கேட்டிற்கு 1 முதல் 5 வரை இன்னொன்று. இரண்டையும் பெருக்க வேண்டும். பெரிய எண் சிவப்புக் கட்டம். அதையே முதலில் கவனிக்க வேண்டும். எளிய முறைதான். எதையும் எழுதி வைக்காமல் இருப்பதைவிட மேலானதுதான். ஆனால் அதை அப்படியே நம்பலாமா?

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பவர் பிரஸ்ஸில் விரல் நசுங்குதல்: 4 × 3 = 12. எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி விழுதல்: 5 × 2 = 10. வேதிப்பொருள் கிடங்கில் தீ: 1 × 5 = 5. ஆகவே தீ கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது!

2024 செப்டம்பர் 28 அன்று ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் பெருந்தீ பற்றியது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை, உற்பத்தி நின்றது. அரிதாக நேர்வது என்பதால் அது சிறிய ஆபத்து ஆகிவிடுமா?

தவறு எங்கே இருக்கிறது? வகுப்பில் முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் என்கிறோம். இருவருக்கும் இடையே எத்தனை மதிப்பெண் வேறுபாடு என்பதை ரேங்க் சொல்லாது. அட்டவணையின் 1, 2, 3 என்பவையும் அத்தகைய வரிசை எண்களே. அவற்றைப் பெருக்குவதில் பொருளில்லை. சிறிய ஆபத்தைப் பெரிதாகவும் பெரியதைச் சிறிதாகவும் இம்முறை காட்டிவிடக்கூடும் என்பதை லூயி ஆந்தனி காக்ஸ் 2008-ல் கணித வழியில் விளக்கினார்.

இரண்டாவது குறை, காலம். கிருஷ்ணகிரி மாவட்டம் கருங்கல்லுக்குப் பெயர் பெற்றது. கல்லை அறுக்கும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கி, பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்தே சிலிக்கோசிஸ் நோயாக வெளிப்படும். அதைக் குணப்படுத்த மருந்தில்லை. நசுங்கிய விரல் அன்றே விபத்துப் பதிவேட்டில் ஏறும், தூசி ஏறாது. பதிவேட்டைப் பார்த்து மதிப்பெண் போடுகிறவர் தூசிக்கு 1 போட்டுவிடுவார்.

மூன்றாவது குறை, யாரை எண்ணுகிறோம் என்பது. 2023 அக்டோபர் 7 அன்று, ஓசூரை அடுத்து எல்லைக்கு அப்பால் உள்ள அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் கிடங்கும் எரிந்து பதினான்குக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பண்டிகைக் கால வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற இளைஞர்கள் அவர்களில் பலர். சில நாள் வேலைக்கு வருபவர்களை எந்த அட்டவணை கணக்கில் கொள்கிறது?

அப்படியானால் அட்டவணையைக் கிழித்துப் போட வேண்டுமா? வேண்டாம். அதைப் பேச்சின் தொடக்கமாகக் கொள்ளலாம். தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. கேடு 5 என்று வந்தால், வாய்ப்பு எவ்வளவு குறைவாக இருப்பினும் தனியே ஆராய வேண்டும். தீர்விலும் வரிசை உண்டு. முதலில் ஆபத்தையே அகற்றுதல். இயலாவிடில் இயந்திரத்தை மாற்றியமைத்தல். இரு கைகளாலும் பொத்தானை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்று அமைத்தால் கை உள்ளே போகாது. தண்ணீர் பாய்ச்சிக் கல்லை அறுத்தால் தூசி வெகுவாக அடங்கும். கையுறையும் முகமூடியும் கடைசி. கையுறை கொடுத்துவிட்டு 12 என்பதை 4 என்று திருத்தி எழுதினால் குறைந்தது எண் மட்டுமே.

மதிப்பெண் போடும் மேசையில் இயந்திரத்தை இயக்குபவருக்கும் ஒரு நாற்காலி இருக்கட்டும். விரல் அவருடையதல்லவா?