பெயர் கொடுக்கிற கை: 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' மூன்றாவது சீசனை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஒரே அத்தியாயத்தில் இரண்டு பேர் தங்கள் பெயரைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒருவன் வலது கை வெட்டப்பட்ட பிரபு. இன்னொருவன் சின்ன வயதிலேயே குறி அறுக்கப்பட்டுச் சிப்பாயாக்கப்பட்ட அடிமை. முதலாமவன் பேசி முடித்தபோது அறையில் சத்தமே இல்லை. ஒரு நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாமவன் பேசியபோது எல்லோரும் கைதட்டினோம். நானும்தான். இந்த வித்தியாசம் பிரதிக்குள் எப்படி உற்பத்தியானது என்று அப்புறம் யோசிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் குறிப்புகள்.

2013 மார்ச் 31 முதல் ஜூன் 9 வரை ஹெச்.பி.ஓ.வில் பத்து அத்தியாயங்களாக ஒளிபரப்பான மூன்றாவது சீசனைப் பற்றிப் பேசுகிறேன். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் தொடர் நாவல்களில் மூன்றாவதான 'எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்' (2000) நாவலின் ஏறக்குறைய முன்பாதி. இந்த சீசன் என்றாலே எல்லோரும் ஒன்பதாவது அத்தியாயத்து ரத்தக் கல்யாணத்தைத்தான் பேசுவார்கள். விருந்துக்கு வந்தவனுக்கு ரொட்டியும் உப்பும் கொடுத்துவிட்டுக் கழுத்தறுப்பது பயங்கரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது பிரபுக்கள் பிரபுக்களுக்குச் செய்த துரோகம். அதைப் பற்றி உலகம் பூரா எழுதித் தீர்த்தாகிவிட்டது. நமக்கு வேறு வேலை இருக்கிறது.

ஐந்தாவது அத்தியாயத்துக்கு வருவோம். ஜேமி லானிஸ்டர் கைதி. அவனைக் கயிற்றில் கட்டி இழுத்துப்போகிற பிரியென் ஒரு பிரபுவின் மகள். ஆணைப்போல உடுத்தி, வாளெடுத்துச் சண்டை போடுகிறவள், அதற்காகவே காலமெல்லாம் கேலி செய்யப்பட்டவள். வழிநெடுக அவன் அவளைச் சீண்டிக்கொண்டே வருகிறான். அவள் அவனை ஊர் வைத்த பெயரால்தான் கூப்பிடுகிறாள்: கிங்ஸ்லேயர், ராஜாவைக் கொன்றவன். பிறகு இருவருமே போல்டன் வீட்டு ஆட்களிடம் மாட்டிக்கொள்கிறார்கள். கட்டியவளும் கட்டப்பட்டவனும் ஒரே கயிற்றில். உறவு அங்கேதான் தொடங்குகிறது. அவளை நாசம் பண்ண இழுத்துப் போகும்போது, அவள் அப்பனின் தீவு பூரா நீலக்கல்தான், கைபடாமல் வைத்திருந்தால் அவள் எடைக்கு எடை கிடைக்கும் என்று ஒரு பொய்யை எடுத்துவிடுகிறான் ஜேமி. அவள் தப்பிக்கிறாள். அதே மிதப்பில் தன் அப்பன் பெயரைச் சொல்லித் தனக்கும் சலுகை கேட்கிறான். அதற்குப் பதிலாகத்தான் அந்த வெட்டு. சாகணும்னு கிடப்பவனை, ஒரு கை போனதுக்கே இப்படி ஒப்பாரியா என்று திட்டித் திட்டிச் சாப்பிட வைக்கிறாள்.

ஹாரன்ஹால் கோட்டைக் குளியலறையில் அவன் முதன்முறையாகச் சொல்கிறான், ராஜாவை ஏன் கொன்றான் என்று. பைத்தியம் பிடித்த ராஜா ஊரையே காட்டுத்தீத் திராவகத்தால் கொளுத்தச் சொன்னான், நான் தடுத்தேன், பதினேழு வருஷமாக ஒவ்வொரு முகத்திலும் ஒரே அருவருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்கிறான். சொல்லி முடித்து மயங்கி விழுகிறான். அவள் தாங்கிப் பிடித்தபடி ஆள் கூப்பிடுகிறாள், பழக்க தோஷத்தில் கிங்ஸ்லேயர் என்றே. அவன் முனகலாகத் திருத்துகிறான்: என் பெயர் ஜேமி. இரண்டு அத்தியாயம் தள்ளி அவன் புறப்படும்போது அவள் 'செர் ஜேமி' என்று அழைத்து விடைகொடுக்கிறாள். அந்த ஒரு விளிக்காகத்தான் அவன் பாதி வழியில் குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்து, கையில் ஆயுதமில்லாமல் கரடிக் குழிக்குள் குதிக்கிறான் என்று நான் வாசிக்கிறேன். காதல் என்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு அது அதைவிட அரிதான ஒன்றாகப் படுகிறது. பெயரைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு எந்த அதிகாரமும் இல்லை, அவன் அவளுக்குச் சொந்தமில்லை. அதனால்தான் அந்தப் பெயர் செல்லுபடியாகிறது.

ஆனால் இந்த உறவு நிற்கிற தரை எது என்பதையும் பார்க்கணும். பிரியெனின் அப்பா 300 தங்க நாணயம் மீட்புப் பணம் தர முன்வருகிறார். நியாயமான தொகைதான். ஆனால் நீலக்கல் பொய்யை நம்பிவிட்டவனுக்கு 300 போதவில்லை. காப்பாற்றிய பொய்யே அவளைக் கரடிக்கு முன் நிறுத்துகிறது. எப்படியானாலும் அவளுக்கு ஒரு விலை உண்டு, கொடுக்க ஒரு அப்பா உண்டு, அப்பாவுக்கு ஒரு தீவு உண்டு. கட்டப்பட்டிருந்தாலும் பிரபுக்கள் 'மீட்கப்பட' முடிந்தவர்கள். விற்கப்படுகிறவர்கள் அல்ல. சீசனின் முழு உறவு வரைபடமும் இந்தக் கோட்டில்தான் பிளக்கிறது.

இனி அடுத்தவன். அஸ்டபோர் நகரத்து வியாபாரியிடம் டெனேரிஸ் 8,000 அடிமைச் சிப்பாய்களை வாங்குகிறாள். 'அன்ஸல்லீட்' என்று பெயர், மாசற்றவர்கள். விலையாகக் கொடுத்த டிராகனையே ஏவி வியாபாரியை எரித்துவிட்டு, அவர்களை விடுதலை செய்கிறாள். பிறகு அவர்கள் தேர்ந்தெடுத்த தலைவனிடம் பெயர் கேட்கிறாள். க்ரே வார்ம், சாம்பல் புழு என்கிறான். குறியை அறுக்கும்போதே இப்படி ஒரு பூச்சிப் பெயர் வைப்பார்கள், தாங்கள் வெறும் புழுபூச்சி என்பது மறக்கக் கூடாதாம். இனி நீங்களே பெயர் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள் டெனேரிஸ். அவன் யோசித்துச் சொல்கிற பதில் எதிர்பாராதது. பிறந்தபோது வைத்த பெயர் சபிக்கப்பட்டது, அந்தப் பெயரோடுதான் நான் அடிமையாகப் பிடிபட்டேன். சாம்பல் புழுதான் ராசியான பெயர். நீ என்னை விடுதலை செய்த அன்றைக்கு என் பெயர் அதுதான்.

இந்தக் காட்சி பற்றித் தோழர் ஒருவரோடு எனக்கு ராத்திரி முழுக்கச் சண்டை. அவர் சொன்னார்: இதுதான் இந்தத் தொடரிலேயே பெரிய அரசியல் தருணம். பூர்வீகத்துக்குத் திரும்பு, தொலைந்த பெயரைத் தேடு என்கிற ஏக்கத்தை அவன் தூக்கி எறிகிறான்; வசையை எடுத்துத் தன் பெயராக்குகிறான். பாதி சரி. மால்கம் லிட்டில், எஜமானன் கொடுத்த குடும்பப் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் 'எக்ஸ்' போட்டாரே, அது ஒரு வழி. அடையாளம் தெரியாமல் அழிக்கப்பட்டதைக் காலியாகவே காட்டுவது. வசையைத் தலைநிமிர்த்திச் சூடிக்கொள்வது இன்னொரு வழி. ரெண்டும் போராட்டத்தின் வழிகள்தான். க்ரே வார்ம் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள் என்றேன். அவன் பெயரை வைத்துக்கொள்வது அவன் அதோடு வாழ்ந்தான் என்பதற்காக அல்ல, அவள் கொடுத்தாள் என்பதற்காக. பெயர் இங்கே ஒரு ரசீது.

ஃபனான் 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' (1952) நூலில் ஹெகலோடு மல்லுக்கு நிற்கிற இடம் ஞாபகம் வருகிறது. எஜமான்-அடிமை இயங்கியலில் அங்கீகாரம் மோதலில் பிறக்கிறது. ஆனால் பிரெஞ்சுக் காலனியக் கறுப்பருக்கு அந்த மோதல் வாய்க்கவில்லை, ஒருநாள் எஜமானே முடிவுசெய்து விடுதலை கொடுத்துவிட்டான், கொடுக்கப்பட்டதன் நிழல் அவர்கள் மேல் விழுந்துகொண்டே இருக்கிறது என்கிற ரீதியில் வாதிடுகிறார். அஸ்டபோரில் சண்டை நடக்கிறதே என்று கேட்கலாம். நடக்கிறது. அடிமைகள் எஜமானர்களைக் கொல்கிறார்கள். ஆனால் சாட்டை கைமாறிய மறுநிமிஷம், புது எஜமானியின் உத்தரவாக. முதலில் கொல்லச் சொல்கிறாள். கொன்று முடித்த பிறகுதான் நீங்கள் சுதந்திரர்கள் என்கிறாள். கலகமே ஏவலாக நிகழ்கிறது! இந்த வரிசையை மாற்றிப் போட்டிருந்தால் கதை என்னவாகியிருக்கும்? முதலில் விடுதலை, பிறகு 'என்ன செய்யப்போகிறீர்கள்?' என்ற கேள்வி? அந்தக் கேள்வியைக் கேட்கிற தைரியம் இந்தக் கதையாடலுக்கு இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இதே சீசனில் தியோன் கிரேஜாய் என்கிற பிரபு மகனும் குறி அறுக்கப்படுகிறான். அவனுக்கும் பெயர் பிடுங்கப்பட்டு, 'ரீக்', நாற்றம் பிடித்தவன், என்று புதுப்பெயர் அடித்து அடித்துப் பதியவைக்கப்படுகிறது. அன்ஸல்லீட்டுக்கு நடந்தது அச்சு அசலாக அதுவே. தியோனுக்கு இது நடக்க ஒரு சீசன் முழுக்க நேரம் ஒதுக்கப்படுகிறது. அலறல், கெஞ்சல், தப்பித்தல், மறுபடி பிடிபடுதல், கடைசியில் அறுத்ததைப் பெட்டியில் போட்டுத் தகப்பனுக்கு அனுப்புதல் வரைக்கும். எட்டாயிரம் பேருக்கு நடந்ததோ, வியாபாரி சரக்கின் தரத்தைச் சொல்லும்போது போகிற போக்கில் வரும் தகவல். ஒரே காயம். ஒருவன் உடம்பில் அது துன்பியல், மற்றவர் உடம்பில் சரக்குக் குறிப்பு. காமிரா எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் சாதிதான் பாருங்க. வேறென்ன வார்த்தை?

பெண்கள் விஷயத்தில் இன்னும் மோசம். ரோஸ் என்கிற பாலியல் தொழிலாளி நாவலில் இல்லாதவள், தொடருக்காகவே உருவாக்கப்பட்டவள். மூன்று சீசன் கூடவே வந்தவள். லிட்டில்ஃபிங்கரும் வாரிஸும் அதிகாரத்தின் ஏணி பற்றிச் சொற்சிலம்பம் ஆடுகிற ஆறாவது அத்தியாயத்தில், ஒருவன் பேசப்பேச, அம்புகள் தைத்த அவள் பிணம் படமாக வந்துபோகிறது. அவள் சாவுக்குக்கூட இன்னொருவன் வசனம் எழுதியாகிவிட்டது. அவ்ளோதான் ரோஸ்.

இப்போது சீசனின் கடைசிக் காட்சி. யுன்காய் நகரத்து அடிமைகள் வாசலுக்கு வெளியே வந்து நிற்கிறார்கள். சுதந்திரம் நான் கொடுக்கிற பொருளில்லை, உங்களுடையது, நீங்களே எடுத்துக்கொள்ளணும் என்கிறாள் டெனேரிஸ். சரியாகச் சொன்னாய் அம்மா என்று நாம் நிமிர்வதற்குள் கூட்டம் 'மீஸா' என்று கோஷம் போடுகிறது. கிஸ்காரி மொழியில் தாய் என்று அர்த்தம். அவளைத் தூக்குகிறார்கள், மேலேயிருந்து காமிரா பார்க்கிறது, கறுத்த உடல்களின் கடலில் ஒரு வெள்ளைப் புள்ளி. 2013இலேயே இதைப் பலர் கண்டித்தார்கள். மார்ட்டின் சொன்ன பதில்: நாவலில் அடிமைகள் எல்லா நிறத்திலும் உண்டு, மொராக்கோவில் படம்பிடித்தால் துணைநடிகர்கள் மொராக்கோக்காரர்களாகத்தான் இருப்பார்கள். உண்மைதான். ஆனால் நிறம் மட்டுமா பிரச்சினை? அந்தக் கூட்டத்தில் ஒருவர் இன்னொருவரிடம் பேசுகிறாரா? புருஷனைத் தேடுகிற பெண்டாட்டி, அண்ணனைத் தேடுகிற தங்கை, எவராவது உண்டா? சங்கிலி கழன்றதும் மனுஷன் முதலில் அதைத்தானே செய்வான்! இவர்களுடைய எல்லாக் கண்களும் ஒரே திசையில். பக்கவாட்டில் உறவே இல்லாத ஜனங்கள். மேல்நோக்கி மட்டும் உறவு, அதற்குப் பெயர் தாய்மை.

தாய் என்ற சொல் இங்கே சாதாரணமாக வந்து விழவில்லை. அன்ஸல்லீட்டின் பயிற்சி எப்படி முடியும் என்று முதல் அத்தியாயத்தில் சொல்கிறார்கள். சிப்பாய் ஒரு வெள்ளிக்காசோடு அடிமைச் சந்தைக்குப் போகணும், பிறந்த குழந்தை ஒன்றைத் தாயின் கண்ணெதிரே கொல்லணும். காசு தாயின் துக்கத்துக்கா என்று டெனேரிஸ் கேட்க, இல்லை, குழந்தையின் உடைமையாளருக்கு என்று திருத்தப்படுகிறது. சரி. அப்படியானால் அந்த 8,000 பேருக்குப் பின்னால் 8,000 தாய்மார். நான்காவது அத்தியாயத்தில் அஸ்டபோரின் சங்கிலிகளை உடைத்த கைகள் எவை? அந்தத் தாய்மாரில் ஒருத்தி, தன் கைவிலங்கைக் கழற்ற வந்தவனை அடையாளம் கண்டிருக்க மாட்டாளா? அவன் தலை குனிந்திருப்பானா? அவள் என்ன செய்திருப்பாள்? விடுதலையின் முதல் ராத்திரியில் அடிமைகள் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு அது. அதைப் படம்பிடித்திருந்தால் 'மீஸா' என்ற கோஷம் தொண்டையில் நின்றிருக்கும். குழந்தை பறிகொடுத்த தாய்மார் ஒருவர்கூட முகம் காட்டாததால்தான் அந்தச் சொல் டெனேரிஸுக்குக் காலியாகக் கிடைக்கிறது.

இது தவிர்க்க முடியாத கலை நிர்ப்பந்தம் என்று நண்பர் சொன்னார், எத்தனை பேர் கதையைத்தான் காட்டுவது என்று. அவருக்கு நான் காட்டியது நாவலை. மொழிபெயர்ப்பாளராக வரும் மிஸ்ஸாண்டெய் நாவலில் பத்து வயதுச் சிறுமி. அன்ஸல்லீட் பற்றி டெனேரிஸ் விசாரிக்கும்போது அவள் சொல்கிறாள், அவர்களில் மூன்று பேர் ஒருகாலத்தில் தன் அண்ணன்மார் என்று. 'ஒருகாலத்தில்' என்பதில் எல்லாம் இருக்கிறது: உறவும், அறுப்பும், அறுத்த பிறகும் எண்ணிக்கை மறக்காததும். தொடரில் இந்த அண்ணன்மார் இல்லை. மாறாக மூன்றாவது அத்தியாயத்தில், திரும்பிப் போக உனக்குக் குடும்பம் இருக்கிறதா என்று டெனேரிஸ் கேட்கிறாள். உயிரோடு யாருமில்லை என்கிறாள் மிஸ்ஸாண்டெய். ஒரு வாக்கியத்தில் வேலை முடிந்தது. யாருமில்லாதவள்தானே முழுமையாக அவளுக்குக் கிடைப்பாள்.

2014இல், நான்காவது சீசனில், க்ரே வார்முக்கும் மிஸ்ஸாண்டெய்க்கும் நடுவில் ஒரு நேசம் துளிர்க்கிறது. அவள் அவனுக்குப் பொதுமொழி சொல்லித்தருகிறாள். அடிமைகளாக இருந்த இருவர் பக்கவாட்டில் பார்த்துக்கொள்கிற அபூர்வமான இடம், மெதுவாகவும் மரியாதையாகவும் எடுக்கப்பட்டிருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. ஆனால் அது எங்கே போய் முடிகிறது? 2019இல், எட்டாவது சீசனின் நான்காவது அத்தியாயத்தில், மறுபடி கையில் விலங்கோடு மதில்மேல் நிற்கிறாள் மிஸ்ஸாண்டெய். கழுத்தை வெட்டப்போகிறார்கள். கடைசியாக ஒரு சொல் சொல்லலாம். கீழே க்ரே வார்ம் நிற்கிறான். அவள் சொல்வது அவன் பெயரை அல்ல. டிராகனைத் தீக்கக்க வைக்க டெனேரிஸ் இடும் கட்டளைச் சொல்லை. அஸ்டபோரில் அந்த வியாபாரியை எரிக்கும்போது அவள் சொன்ன அதே சொல்லை.