ஐந்து பாடமும் ஒரு தறியும்

அக்கா மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பறையில் கற்றதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். பீரியட் வாரியாக எழுதியிருந்தாள். தமிழில் மனப்பாடச் செய்யுள் சுலபம். கணக்கில் கூட்டுத்தொடர் வரிசை பிடிக்கும், வடிவியல் பயம். அறிவியலில் லேபுக்குப் போகும் நாள் பிடிக்கும். சமூக அறிவியலில் எழுத நிறைய இருக்கிறது, கை வலிக்கிறது. இங்கிலீஷில் எழுத வருகிறது, வாய் திறக்க வரவில்லை.

உண்மையான பக்கம்தான். ஆனால் ஒரு பாடத்தைப் பற்றிச் சொல்லும்போது வேறொரு பாடம் அவள் நினைவுக்கே வரவில்லை. விருதுநகர் மாவட்டத்துச் சுந்தரபாண்டியத்தில், தறி ஓடுகிற வீட்டில், தார் சுற்றும் ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது அது. அதனால் என்னால் அதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

"80ஆம் நம்பர் நூல்னா என்னம்மா?" என்று கேட்டேன்.

"நைசான நூல் மாமா."

அந்த நம்பர் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டம், அதாவது நூல்கட்டு, எத்தனை அடங்குகிறதோ அதுதான் நம்பர். 80ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 80 சிட்டம், 67,200 கெஜம். கிலோமீட்டராக மாற்றச் சொன்னேன். பென்சிலால் போட்டுப் பார்த்து 61 என்றாள். அரைக் கிலோகூட இல்லாத நூலைப் பிரித்துக்கொண்டே போனால் ராஜபாளையம் போய் வரும் தூரத்துக்கு மேலேயே வரும் என்றதும் ராட்டையை நிறுத்திவிட்டு அந்தத் தாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இதை எந்த நோட்டுல எழுதணும் மாமா? கணக்குலயா, அறிவியல்லயா?"

இந்தக் கேள்வியை வைத்துத்தான் நம் வகுப்பறையை எடைபோடப் பார்க்கிறேன். பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதில் வேதியியல் இருக்கிறது. குழித்தறியில் மண்ணின் ஈரம் இழையைக் காப்பதிலும், கோடைக் காற்றில் அந்த இழை படபடவென்று அறுவதிலும் இயற்பியல் இருக்கிறது. கரிசல் மண், அதில் விளைந்த பருத்தி, 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில், இதெல்லாம் புவியியலும் பொருளியலும். தமிழுக்கு இன்னும் நெருக்கம். புத்தகத்துக்கு நூல் என்று பெயர் வந்த காரணத்தை நன்னூல் சொல்லும்போது பஞ்சையும் நூற்கிற பெண்ணையும்தான் உவமையாக்குகிறது. ஐந்து பாடமும் ஒரே தறியில் சேர்ந்து கிடக்கின்றன. நோட்டில்தான் அவை சேரவில்லை.

பழி யார் மேல்? முதலில் பாடநூலைப் பார்ப்போம். 2018இலும் 2019இலும் வந்த புதிய புத்தகங்களைப் பழையவற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவை நல்ல உழைப்பு. க்யூஆர் கோடு, வண்ணப் படங்கள், பெட்டிச் செய்திகள் இருக்கட்டும். பொருளே ஆழமாகியிருக்கிறது. பத்தாம் வகுப்புப் புவியியலில் தமிழ்நாட்டுக்கென்றே பாடங்கள் உண்டு. பாடங்களுக்கிடையே வழி போடத் தேவையான சரக்கு புத்தகத்தில் இருக்கிறது. கனம் கூடிவிட்டது என்ற குறையை மட்டும் ஏற்கிறேன். அந்தக் கனத்தால் ஆசிரியர் பாடத்தை முடிக்க ஓட வேண்டியிருக்கிறது. ஓடுகிறவரிடம் நின்று தறியைப் பார் என்று சொல்வது நியாயமில்லை.

புத்தகத்தை முழுசாகச் சோதிக்கவே வெகுகாலம் வாய்ப்புக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதிய பத்தாம் வகுப்புப் புத்தகத்தை முதலில் படித்த 2019-20 மாணவர்களுக்குக் கொரோனாவால் பொதுத்தேர்வே இல்லை. அடுத்த ஆண்டும் இல்லை. 2022இல் குறைத்த பாடத்துக்குத் தேர்வு நடந்தது. முழுப் பாடத்துக்கு நடந்தது 2023இல்தான்.

ஆக, பாடநூலும் ஆசிரியரும் முதல் குற்றவாளிகள் இல்லை. வினாத்தாளுக்கு வருகிறேன். ஐந்து பாடத்துக்கு ஐந்து தாள், ஐந்து நாள். எந்தத் தாளும் அடுத்த தாளின் எல்லைக்குள் கால் வைக்காது. மாணவி அதைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறாள். எதைக் கேட்பார்களோ அதற்குத்தான் மனசில் இடம் ஒதுக்குவாள். அவளுடைய நோட்டுப் பக்கம் தேர்வு அட்டவணையின் அச்சு.

இங்கே எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானது. புத்தகத்துக்குள்ளிருந்து, எதிர்பார்த்த மாதிரிக் கேட்கிற தேர்வுதான் எங்கள் பிள்ளைகளைக் கரையேற்றியது. 2017, 2018 இரண்டு ஆண்டும் பிளஸ் டூவில் மாநிலத்திலேயே அதிகத் தேர்ச்சி பெற்றது எங்கள் விருதுநகர் மாவட்டம், 97 சதவீதத்துக்கு மேல். திருப்பித் திருப்பி எழுதிப் பார்க்கும் பயிற்சி இல்லாமல் இது வந்திருக்காது. படிக்காத தாய் பெற்ற பிள்ளைக்கு டியூஷன் கிடையாது, வழிகாட்ட ஆள் கிடையாது. 'இந்த இருபது கேள்வியைப் படி' என்ற ஆசிரியரின் சொல்தான் துணை. கேள்வியை எங்கிருந்து வேண்டுமானாலும் கேட்கலாம் என்று திறந்துவிட்டால் லாபம் பட்டணத்துப் பிள்ளைக்குத்தான் போகும். இதை நான் மறுக்கவில்லை. அந்தப் பயிற்சியை இகழ்கிறவர்கள் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்து பார்த்திராதவர்கள்.

இன்னொரு எச்சரிக்கை வரலாற்றிலிருந்து வருகிறது. தொழிலையும் படிப்பையும் சேர் என்று சொல்லும் எவரும் 1953ஐ மறக்கக் கூடாது. பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது ராஜாஜியின் திட்டம். குலக்கல்வி என்று பெரியார் அதை எதிர்த்துக் கிளம்பினார். 1954இல் முதலமைச்சரான காமராஜர் அதைக் கைவிட்டார். நெசவாளி பிள்ளை நெசவாளியாகத்தான் ஆக வேண்டும் என்று அந்தத் திட்டம் நிலைத்திருந்தால், இன்று இந்தத் தெருவில் இத்தனை பட்டதாரிகள் ஏது? அது போனது சரி. ஒரு சொல்லும் குறைக்காமல் சரி.

ஆனால் அந்தப் பயத்தில் தறியையே வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டோம் என்று நினைக்கிறேன். பிள்ளையைத் தறிக்கு அனுப்புவது ஒன்று. தறியைக் கேள்வியாக்கிப் பிள்ளையின் முன்னால் வைப்பது முற்றிலும் வேறு. முதலாவது அவளைத் தெருவோடு கட்டிப்போடும். இரண்டாவதில் அவள் பொறியாளராகப் போனாலும் கையோடு கொண்டுபோக ஒரு பழக்கம் கிடைக்கும், கண்ணில் படுவதை எல்லாப் பாடத்தாலும் தொட்டுப் பார்க்கிற பழக்கம். அது தறியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைக்குப் பால்கோவா அடுப்பு, சத்திரப்பட்டிப் பிள்ளைக்குப் பேண்டேஜ் துணி, கடலோரப் பிள்ளைக்கு வலை.

என் தீர்ப்பு இதுதான். பாடநூல் தேறிவிட்டது. ஆசிரியரின் பயிற்சியும் தேறிவிட்டது, அதைக் கலைக்க வேண்டாம். தேறாதது வினாத்தாள். அதில் தொண்ணூறு மதிப்பெண் இன்றுள்ளபடியே இருக்கட்டும், எளிய வீட்டுப் பிள்ளையின் பிடிமானம் அது. மீதிப் பத்து மதிப்பெண்ணுக்கு, இரண்டு பாடங்களைத் தொடுகிற ஒரு கேள்வி வேண்டும். தேவையான தகவல் அத்தனையும் கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும், டியூஷனால் முந்த முடியாதபடி. 840 கெஜம், ஒரு பவுண்டு, 80ஆம் நம்பர் என்று கொடுத்துவிட்டு நூலின் நீளம் எத்தனை கிலோமீட்டர், கோடையில் இந்த இழை ஏன் அதிகம் அறுகிறது என்று கேட்கலாம். பொதுத்தேர்வுக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த மாதத் தேர்வுக்கே ஓர் ஆசிரியர் இதை எழுதிவிடலாம்.