நாற்பது நாளில் தீராத பத்தியம்

கொங்குப் பக்கத்தில் கண் ஆபரேஷன் என்றாலே புரைதான் நினைவுக்கு வரும். முகாமில் பார்த்து, வண்டியில் ஏற்றிப்போய், ஓரிரு நாளில் கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1997இல் கோவை அவிநாசி சாலைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்தே சங்கரா கண் மருத்துவமனை கிராமங்களுக்குள் போய்க்கொண்டிருந்தது. இவர்களால்தான் கத்தி என்றால் நடுங்கும் பயம் நம் பெரியவர்களை விட்டுப் போயிற்று. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் புரையில் பழகிய மனசு கருவிழி மாற்று சிகிச்சைக்கும் அதே கணக்கைப் போடுகிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கருவிழியில் தழும்பு படிந்து, பூ விழுந்த கண்ணோடு இந்தச் சிகிச்சைக்கு வருகிறவர்களில் பலர் காட்டுவேலை செய்கிறவர்கள். கரும்புச் சோகையோ தென்னை ஓலையோ விழியில் கீறுகிறது. கீறலில் பூஞ்சை இறங்குகிறது. வலி பொறுக்காமல் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடுகிறார்கள். அதைவிடக் கொடியது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு. சிவப்பு குறையும், உள்ளே பூஞ்சை கொழுக்கும். பூஞ்சைப் புண்ணுக்கு எந்த மருந்து நல்லது என்பதை மதுரை, கோவை, புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனைகளில்தான் சோதித்துப் பார்த்தார்கள். விலை கூடிய வோரிகோனசோலைவிடப் பழைய நேட்டமைசினே மேல் என்று 2013இல் முடிவு வந்தது. நம் ஊர் நோயாளிகளின் கண்களிலிருந்து உலகம் கற்ற பாடம் இது. ஆனால் அதே ஊர் மருந்துக்கடைப் பலகை வரை அது இன்னும் வந்து சேரவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய ஏற்பாட்டில் மருத்துவமனைகளைக் குறை சொல்ல அதிகமில்லை. 1945இலேயே சென்னையில் கண் வங்கி கண்ட மாநிலம் இது. தானமாகக் கிடைத்த கருவிழி, வைக்கும் திரவத்தைப் பொறுத்து, நான்கு நாளோ பதினான்கு நாளோதான் தாங்கும். ஆகவே அழைப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கண் அழுத்தம், கண்ணீர்ப் பையில் சீழ் உண்டா என்பதையெல்லாம் முன்கூட்டியே பார்த்துச் சரிசெய்து வைக்கிறார்கள்.

வீடு திரும்பியதும் பத்தியம் தொடங்குகிறது. தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்கிறாள் பாட்டி; அவள் சொல்வது சரி. கிணற்று நீரிலும் தொட்டி நீரிலும் கருவிழியைத் தின்னும் கிருமிகள் உண்டு. முட்டையும் பருப்பும் ஆகாது என்பது மட்டும் கேடு. புண் ஆற வேண்டிய உடம்பைப் பட்டினி போடுவதில் என்ன நியாயம்? பார்க்க வரும் சொந்தபந்தம் ஆளுக்கொரு முறை கண்ணைத் திறந்து காட்டச் சொல்வதையும் நிறுத்த வேண்டும்.

ஆனாலும் பெரிய பிழை, புரைக்குப் பழகிய நாற்பது நாள் பத்தியக் கணக்கை இதற்கும் போடுவதுதான். “மாசம் ஒண்ணரை ஆயிப்போச்சுங்க, இன்னியென்ன?” என்று சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு விசைத்தறிக்குப் போய்விடுகிறார்கள். கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது. அதனால்தான் பிறர் விழியை உடம்பு பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. அதே காரணத்தால் காயம் மிக மெதுவாக ஆறுகிறது. முழுக் கருவிழியையும் மாற்றினால், முடியைவிட மெல்லிய தையல்கள் ஒரு வருஷமோ அதற்கு மேலோ இருக்கும். ஒரு தையல் தளர்ந்தால் தூசி விழுந்ததுபோல் உறுத்தும். கசக்கினால் அதன் வழியே சீழ் பிடிக்கும். உடம்பு புது விழியை விலக்கத் தொடங்குவது எத்தனை வருஷம் கழித்தும் நேரலாம். சிவத்தல், வெளிச்சத்துக்குக் கூசுதல், பார்வை மங்கல், வலி என்று எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். தையல் பிரித்த பிறகும் அந்த விளிம்பு பழைய பலத்துக்குத் திரும்புவதில்லை. மாடு தலையை ஆட்டிய ஓர் இடியில் பிளந்துபோகக்கூடும்.

மருந்தையும் வருகையையும் பாதியில் விடுவதற்கு நோயாளியை மட்டும் குற்றம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆபரேஷன் இலவசமாகக் கிடைத்தாலும் அடுத்தடுத்த பயணத்துக்குப் பணம் வேண்டும். தாளவாடியிலிருந்து கோவை வந்து போக ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வருகிறவர் கூலியும் போகும். சொட்டு மருந்துச் செலவு மாதக்கணக்கில் தொடரும். ஸ்டீராய்டு சொட்டு வலியே இல்லாமல் கண் அழுத்தத்தை ஏற்றும் என்பதால், நன்றாக இருக்கும்போதும் வந்து அளந்துகொள்ள வேண்டும். சிற்றூர்களில் உள்ள பார்வை மையங்களிலேயே அழுத்தம் பார்த்து, விழியைப் படமெடுத்துக் கோவைக்கு அனுப்பினால் பாதிப் பயணம் மிச்சமாகும். எத்தனை பேருக்கு மாற்றினோம் என்று பெருமையோடு சொல்லும் நிறுவனங்கள், ஐந்தாம் வருஷத்தில் எத்தனை விழி தெளிவாக இருக்கிறது என்பதையும் அதே எழுத்தளவில் சுவரில் எழுதட்டும். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில், மருந்து ஊற்றப்போகிறவர் யார், தையல் பிரிக்க வேண்டிய மாதம் எது என்ற இரண்டு வரிகளையும் சேர்க்கட்டும்.