சுவரில் எழுதிய ஜப்பான்

தரத்துக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசை வாங்கிய ஆலை என்று சொல்லிவிட்டால் தமிழ்நாட்டுத் தொழில் வட்டாரத்தில் அதற்கு மேல் பேச்சு இல்லை. 1998இல் சுந்தரம் கிளேட்டன் இந்தியாவிலேயே முதலாவதாக அதை வாங்கியது. பின்னாலேயே டிவிஎஸ் மோட்டார், லூகாஸ் டிவிஎஸ், ரானே குழும நிறுவனங்கள் என்று வரிசை நீண்டது. 2016இல் அசோக் லேலண்டின் பந்த்நகர் ஆலையும் மறு ஆண்டு ஓசூர் ஆலையும் சேர்ந்துகொண்டன. இந்தப் பட்டியலைக் காட்டி மேடைதோறும் ஒரு வாதம் வைக்கப்படுகிறது: போரில் நொறுங்கிய ஜப்பான் ஒழுங்கால் எழுந்தது, மெஷின் டூல் தொழிலில் அமெரிக்காவை முந்தியதும் அதே ஒழுங்கால்தான், நம் தொழிலாளியும் பட்டறைக்காரரும் அந்த ஒழுங்கைப் பழகிக்கொண்டால் நாமும் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். எண்ணூர் நெடுஞ்சாலை ஆலைகளின் அறிவிப்புப் பலகையிலிருந்து திருவொற்றியூர்ச் சந்தில் இரண்டு லேத் போட்டிருக்கும் பட்டறையின் சுவர் வரை ‘ஃபைவ் எஸ்’, ‘கைஜன்’ என்று ஜப்பானிய ஒழுங்கு முறைகளின் பெயரை எழுதி வைத்திருப்பது இந்த வாதத்தை நம்பித்தான்.

இதில் சரியான பகுதியை முதலில் சொல்லிவிடலாம். ஸ்பானரைத் தேடி அரை மணி நேரம் அலைவது வேலையாகாது. சுருள் குப்பையும் எண்ணெயும் கிடக்கும் தரையில் ஆள் வழுக்கி விழுவார். மெஷின் நின்ற பிறகு பார்ப்பதைவிட நிற்பதற்கு முன் பார்ப்பது லாபம். பரிசு வாங்கிய ஆலைகளில் கழிவு குறைந்ததும், அவற்றின் சரக்கு வெளிநாட்டில் விலைபோவதும் உண்மை. இதையெல்லாம் யாரும் மறுக்க வேண்டியதில்லை.

மறுக்க வேண்டியது, ‘ஆகவே நாமும் ஒழுங்கால் எழுவோம்’ என்று தாவும் அந்த ‘ஆகவே’யை. ஜப்பானின் மெஷின் டூல் தொழில், அதாவது மற்ற எல்லா இயந்திரங்களையும் செய்யும் இயந்திரங்களைச் செய்கிற தொழில், ஒழுங்கால் மட்டும் எழுந்தது என்பது பாதிக் கதை. விட்டுப்போன பாதியில்தான் நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது.

1956ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஒரே ஆண்டில் அங்கே மூன்று காரியங்கள் நடந்தன. இயந்திரத் தொழில் வளர்ச்சிக்கென ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. அதன் கீழ் அரசு வளர்ச்சி வங்கியும் சிறுதொழில் நிதிக் கழகமும் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தன. பெரிய ஆலைகள் தங்களுக்கு வேலை செய்துகொடுக்கும் சிறு பட்டறைகளின் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது என்று இன்னொரு சட்டம் வந்தது. புஜித்சு நிறுவனத்தில் இனாபா செயுஎமோன் தலைமையில் ஒரு சிறு குழு, என்சி எனப்படும் எண்முறைக் கட்டுப்பாட்டில் இறங்கியது. அதுவே 1972இல் தனி நிறுவனமாகப் பிரிந்து இன்றைய ஃபனுக் ஆயிற்று. சைக்கிள் பந்தயச் சூதாட்டத்தில் வசூலான பணத்தில் ஒரு பங்குகூட இயந்திரத் தொழிலுக்குத் திருப்பிவிடப்பட்டது. கடன், கூலி, கருவி ஆகிய மூன்றையும் அரசும் தொழிலும் சேர்ந்து கவனித்த பிறகுதான் தரையைப் பெருக்குவது பற்றிய பேச்சுக்குப் பொருள் வந்தது.

என்சி அமெரிக்கர்களின் கண்டுபிடிப்பு. எம்ஐடியில் 1952இலேயே இயக்கிக் காட்டிவிட்டார்கள். ஆனால் அதற்குப் பணம் போட்டது அமெரிக்க விமானப்படை. விமான இறக்கையின் சிக்கலான வளைவுகளை வெட்டுவதற்கான பெரிய, விலையுயர்ந்த இயந்திரங்களில்தான் அங்கே கவனம் போயிற்று. ஜப்பானியர்கள் எதிர்த்திசையில் போனார்கள்: சின்ன லேத், பொதுவான ஒரே வகைக் கட்டுப்பாட்டுப் பெட்டி, பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்காரருக்கும் தவணையில் கட்டுப்படியாகும் விலை. மோரி செய்கி, யமசாகி போன்றவர்கள் உடலைச் செய்ய, ஃபனுக் மூளையைக் கொடுத்தது. 1982இல் ஜப்பான் உலகின் முதல் மெஷின் டூல் உற்பத்தியாளர் ஆயிற்று. அதே ஆண்டு ஹூடெய்ல் என்ற அமெரிக்க நிறுவனம் தன் அரசிடம் முறையிட்டு மனுப் போட்டது; ரீகன் அரசு அடுத்த ஆண்டு அதைத் தள்ளிவிட்டு, 1986இல் ஜப்பானிடம் தானாக ஏற்றுமதியைக் குறைத்துக்கொள்ளும்படி பேரம் பேசியது. 2009இல் சீனா முந்தும் வரை முதலிடம் ஜப்பானிடமே இருந்தது.

இந்த வெற்றிக்கு டோக்கியோ அதிகாரிகளின் மேதைமைதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. நிறுவனங்களை இணைத்து எண்ணிக்கையைச் சுருக்கிவிட வேண்டும் என்று அவர்கள் போட்ட திட்டங்களைத் தொழில்காரர்கள் காதில் வாங்கவேயில்லை. டேவிட் ஃப்ரீட்மன் என்ற ஆய்வாளர் 1988இல் இதை விரிவாக எழுதினார். அவர் முடிவு என் பக்கத்துக்கே வலு: மாறி மாறி வரும் வேலைக்கு ஏற்ப வளைந்துகொடுத்த சிறு பட்டறைகள்தான் இந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தின.

அந்தப் பட்டறைகள் எங்கே இருந்தன என்பதை வடசென்னைக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். டோக்கியோ விரிகுடாவை ஒட்டிய ஓத்தா என்ற நகரப் பகுதி. 1960களின் தொடக்கம் வரை அந்தக் கரையில் கடற்பாசி வளர்த்துப் பிழைத்தார்கள். துறைமுக விரிவாக்கத்துக்காக மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பகுதியில் 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பட்டறைகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் பத்துப் பேருக்கும் குறைவு. வரைபடத்தைக் காகித விமானமாக மடித்து ஓத்தாவின் கூரைகள் மேல் விட்டால் மறுநாள் பொருளாகத் திரும்பி வரும் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். பட்டறைக்காரருக்கு உலோகத்தைச் சோதித்துக் கொடுக்கவும் புது இயந்திரத்தைப் பழக்கவும் மாவட்டந்தோறும் அரசின் சோதனைக்கூடங்கள் இருந்தன. கடலை இழந்த கரைக்குப் பட்டறையாவது கிடைத்தது.

நம் கரைக்கு என்ன கிடைத்தது? எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கிற்று. திருவொற்றியூரில் 1955இல் என்ஃபீல்டு வந்தது. இரண்டு ஆண்டு கழித்து இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து கருவிகளையே வாங்கிக் கொண்டுவந்தார்கள். பலூன் செய்துகொண்டிருந்த எம்ஆர்எஃப் டயருக்கு மாறியதும் அதே ஊரில்தான். எல்லாம் பெரிய ஆலைகள். சிறுதொழிலுக்கென்று அரசு பேட்டை போட்டபோது அது 1958இல் கிண்டிக்கும் பிறகு அம்பத்தூருக்கும் போயிற்று. ராயபுரம் முதல் எண்ணூர் வரை பட்டறைகள் தாமாக முளைத்தவை: மீன்பிடிப் படகின் புரொபெல்லர் ஷாஃப்ட்டுக்கும், லாரி பழுதுக்கும், ஆலைகளின் சில்லறை வேலைக்குமாக. ஜப்பானைப் பார்க்கும் முன்பே, 1955இல், தேசிய சிறுதொழில் கழகத்தைத் தொடங்கி இயந்திரத்தைத் தவணையில் கொடுக்கும் திட்டத்தை நாமும் கொண்டுவந்தோம். வழி தெரியாமல் போகவில்லை. தெரிந்த வழியில் தொடர்ந்து போகவில்லை.

அப்படி முளைத்த ஒரு பட்டறைக்குள் போய்ப் பார்த்தால் வேறுபாடு கண்ணில் படும். ஒரு மூலையில் பஞ்சாபின் பட்டாலாவில் செய்த பழைய லேத். அதன் ஹாஃப் நட் தேய்ந்தால் டர்னர் தானே ஒன்றைக் கடைந்து மாட்டிக்கொள்வார். இன்னொரு மூலையில் கடன் வாங்கிப் போட்ட சிஎன்சி, அதாவது கணினி இயக்கும் என்சி. வேலை இல்லாமல் சில வாரம் மூடிக் கிடந்து திறந்தால் திரையில் பேட்டரி அலாரம் வரும்; அச்சுகள் தங்கள் பூஜ்ஜியப் புள்ளியை மறந்திருக்கும். உள்ளே ஓடும் லேடர் புரோகிராமுக்குக் கடவுச்சொல் போட்டிருக்கும். பட்டறைக்காரர் அதைத் தொட முடியாது. சர்வீஸ் ஆளுக்குப் போன் போட வேண்டும், அவர் வரும் வரை ஜாப் அப்படியே கிடக்கும், தவணை மட்டும் நிற்காது. ஓத்தாவில் பட்டறைக்காரர் குறை சொன்னால் அதே நாட்டில் இயந்திரம் செய்தவர் காதில் விழும். அடுத்த மாடலில் திருத்தம் வரும். ஜப்பானின் வளர்ச்சியில் முக்கியமானது இந்தப் போக்குவரத்து. நம்மவர் இயந்திரத்துக்கு வெறும் வாடிக்கையாளர், அதுவும் கடைசி வரிசை வாடிக்கையாளர்.

இந்த மனிதரிடம்தான் பெரிய ஆலையின் ஆடிட் வருகிறது. தரையில் மஞ்சள் கோடு இருக்கிறதா, கருவிகளின் நிழல் வரைந்த பலகை இருக்கிறதா, கைஜன் போர்டில் இந்த மாதம் ஏதேனும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். கேட்ட நேரத்துக்குக் கேட்ட அளவு சரக்கு வர வேண்டும். இருப்பு ஆலையில் இருக்கக் கூடாது. அப்படியானால் இருப்பு எங்கே இருக்கும்? பட்டறைக்காரர் கட்டிலுக்கு அடியில் இருக்கும். அதற்குப் போட்ட எஃகின் விலை அவர் தலையில். பில் பணம் எப்போது வரும் என்ற கேள்விக்கு மட்டும் அந்த ஆடிட் தாளில் கட்டம் கிடையாது. சிறுதொழில் சட்டம் 2006 முதல் 45 நாள் கெடு சொல்கிறது. தாண்டினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டுவட்டி என்கிறது. அந்த வட்டியைக் கேட்டு வழக்குப் போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்பது பட்டறைத் தெருவில் குழந்தைக்கும் தெரியும். நேரத்துக்குச் சரக்கு என்பது ஜப்பானிலிருந்து வந்தது, நேரத்துக்குப் பணம் மட்டும் கப்பலேறவில்லை.

தொழிலாளி பக்கம் இன்னும் மோசம். கைஜன் என்பது மெஷின் பக்கத்தில் நிற்பவர் தன் அனுபவத்திலிருந்து தரும் யோசனை. அந்த யோசனையால் ஆள் குறைந்தால் போவது தானல்ல என்ற உறுதி ஜப்பானின் பெரிய ஆலைகளில் இருந்தது. இங்கே அதே வரிசையில் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் பயிற்சியாளர் என்ற பெயரில் ஓராண்டுக்கு வந்த பையனும் நிற்கிறார்கள். அடுத்த சித்திரையில் இருப்பானோ மாட்டானோ என்று தெரியாத பையன் எதற்காக யோசனை எழுதிப் போட வேண்டும்? மாதத்துக்கு ஒன்று கட்டாயம் என்றால் போன மாதத்து யோசனையையே திருப்பி எழுதிப் போடுவான். புலியைப் பார்த்துப் பூனை போட்டுக்கொண்ட சூடு இதுதான். கோடுகள் வந்துவிட்டன, உடம்பு வரவில்லை.

பரிசுக்குத் தன் பெயரைத் தந்த எட்வர்ட்ஸ் டெமிங்கே இதைக் கண்டித்திருக்கிறார். தொழிலாளிக்கு முழக்கமும் அறைகூவலும் எழுதி மாட்டுவதை ஒழியுங்கள் என்பது அவர் நிர்வாகத்துக்குச் சொன்ன பதினான்கு விதிகளில் ஒன்று. குறையில் பெரும்பங்கு அமைப்பினுடையது, அமைப்பு நிர்வாகத்தின் கையில் இருக்கிறது, தொழிலாளி அதை மாற்ற முடியாது என்பது அவர் வாதம். அவர் பெயரிலான பதக்கத்தை வரவேற்பறையில் வைத்துக்கொண்டு உள்ளே சுவரெல்லாம் முழக்கம் எழுதுகிறோம்.

இதைச் சொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கும்: கோவையில் எல்எம்டபிள்யூ சிஎன்சி செய்கிறது, பெங்களூரில் ஏஸ் செய்கிறது, ராஜ்கோட்டில் ஜோதி செய்கிறது, பிறகென்ன? நல்ல பதில்தான். அந்த நிறுவனங்களைக் கட்டியெழுப்பியவர்கள் பாராட்டுக்கு உரியவர்கள். ஆனால் அவர்கள் செய்யும் இயந்திரங்களிலும் பெரும்பாலும் மூளை ஃபனுக்கோ மிட்சுபிஷியோ சீமென்ஸோதான். நாட்டின் மெஷின் டூல் தேவையில் ஏறத்தாழப் பாதி இன்னும் இறக்குமதியாகிறது. 1953இல் ஹெச்எம்டியை அரசே தொடங்கி அந்தத் துறையில் முன்னே நின்ற நாடு இது. எண்முறைக் காலம் வந்தபோது பின்தங்கிவிட்டது. அந்தப் பின்னடைவைத் தொழிலாளியின் ஒழுங்கீனத்தால் விளக்கிவிட முடியுமா? முதலீடு, ஆராய்ச்சி, சிறு பட்டறைக்கு எட்டும் விலை, இவற்றைப் பற்றிய முடிவுகளை டர்னர் எடுக்கவில்லை.

அதனால்தான் இந்த ஒழுங்கு வாதத்தின் மேல் எனக்குப் பல காலமாகக் கோபம். அது தவறான வரலாறு என்பது ஒரு பக்கம். யாரிடம் கணக்குக் கேட்க வேண்டுமோ அவர்களை விட்டுவிட்டு, கேட்க எளிதான ஆளிடம் கேட்கிறது என்பது பெரிய பக்கம். வங்கியிடம் கேட்பதில்லை, கொள்முதல் அதிகாரியிடம் கேட்பதில்லை, அரசிடம் கேட்பதில்லை. துடைப்பம் பிடிக்கும் பையனிடம் ஜப்பானை எதிர்பார்க்கிறது.

ஜப்பானிடம் கற்க வேண்டும் என்பவர்களிடம் கேட்டுக்கொள்வது நான்கு. வடசென்னைப் பட்டறைகளுக்கென்று பொதுச் சோதனைக்கூடம் ஒன்று கேளுங்கள். சிஎன்சியை விற்பவர் பழுது பார்க்கும் உரிமையையும் சேர்த்து விற்கச் சொல்லுங்கள். ஒப்பந்தப் பையனைப் பணியில் நிலைப்படுத்திவிட்டு யோசனை கேளுங்கள். அடுத்த முறை ஓர் ஆலை தரப் பரிசுக்கு விண்ணப்பிக்கும்போது, அதற்குச் சரக்குக் கொடுக்கும் பட்டறைகளுக்கு எத்தனையாவது நாளில் பணம் போனது என்பதை முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். 45 நாளைத் தாண்டியிருந்தால் அந்த ஆலைக்குப் பரிசு வேண்டாம்.