அம்பயர் தீர்ப்பும் ரசிகர் வழக்கும்

கிரிக்கெட்டில் அம்பயர் தீர்ப்பை அலசுவது தனி ரசனை. பேட்டிங்கையும் பந்துவீச்சையும் ரசிப்பதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டுமோ, ஒரு ரன் அவுட்டையோ எல்பியையோ சரியாக எடைபோடவும் அவ்வளவு பயிற்சி வேண்டும். லீக் ஆட்டங்களில் தவறிய தீர்ப்பை அடுத்த வாரம் மறந்துவிடலாம். பிளே-ஆஃபில் தோற்றவருக்குப் பெரும்பாலும் அடுத்த வாரம் கிடையாது. அதனால்தான் ஐபிஎல் பிளே-ஆஃப் நாட்களில் இந்த வழக்கு உச்சத்தில் இருக்கும்.

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் தொழில் ஊர்கள் இந்த வழக்குக்கு ஏற்ற மண். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருப்பதால் ஒரே டீக்கடை பெஞ்சில் சென்னை அணியின் மஞ்சள் கட்சியும் பெங்களூர் அணியின் சிவப்புக் கட்சியும் உட்கார்ந்திருக்கும். 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) தொடங்கியபோது திண்டுக்கல், காரைக்குடி, காஞ்சி, திருவள்ளூர் பெயர்களில் அணிகள் வந்தன. வேலூர் பெயரில் அணி இல்லை. சொந்த ஊர் அணி இல்லாத ரசிகர் இரண்டு பெருநகரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். எதிர்க்கட்சி பக்கத்திலேயே இருப்பதால் ஆதாரம் இல்லாமல் பேசினால் இங்கே எடுபடாது.

ஆதாரத்தோடு பேசும் பழக்கம் இவ்வூர்களின் தொழிலிலும் உண்டு. டேனரியில் பதமாகி வந்த தோலைத் தரம் பிரிப்பவர், ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் விரித்து, கையால் தடவி, முள் கீறல், உண்ணிக் கடித் தழும்பு, உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு ஆகியவற்றைப் பார்த்து, சில விநாடிகளில் முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஒதுக்குகிறார். விலை அந்த விநாடிகளில் முடிவாகிறது. வாங்கும் ஷூ கம்பெனியின் ஆள் அதே தோலை ஒரு தரம் கீழே வைப்பதும் உண்டு. அப்போது நடக்கும் பேச்சு, தழும்பு எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு ஆழம், ஷூவின் எந்தப் பாகத்தில் தெரியும் என்பதைப் பற்றியது. அம்பயரைப் பற்றிய நல்ல வாதமும் இப்படித்தான் நடக்கும். தீர்ப்புச் சொன்னவரின் நோக்கத்தை விட்டுவிட்டு, அவர் பார்த்த பொருளை மறுபடி பார்ப்பதுதான் அதன் முறை.

பாலாற்றுப் படுகையிலும் பள்ளி மைதானங்களிலும் ஆடும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் பேட்டிங் டீம் ஆளே அம்பயராக நிற்பார். எனவே அங்கே எல்பி கிடையாது. பக்கச் சார்பு உள்ளவரிடம் எல்பியை ஒப்படைக்க முடியாது என்பதைத் தெருவே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. ரன் அவுட், வைடு, நோ பால் மூன்றையும் சிறுவர்கள் தெருவில் கற்றுக்கொள்கிறார்கள். எல்பியை டிவியில்தான் கற்கிறார்கள். எல்பி வாதம் வந்ததும் பலர் திணறுவதற்கு இதுவே காரணம்.

எல்பி விதி மூன்று கேள்விகளால் ஆனது. பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆனதா? ஆகியிருந்தால் அவுட் இல்லை. காலில் பட்ட இடம் ஸ்டம்ப் வரிசையில் இருந்ததா? ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பட்டிருந்தால், பேட்ஸ்மேன் ஆட முயலாதபோது மட்டுமே அவுட். கடைசியாக, பந்து தொடர்ந்து போயிருந்தால் ஸ்டம்பில் பட்டிருக்குமா? முதல் இரண்டும் கண்ணால் கண்டவை. மூன்றாவது நடக்காத ஒன்றைப் பற்றிய கணிப்பு. 140 கிலோமீட்டர் வேகப் பந்து கையை விட்டுப் பேட்ஸ்மேனை அடைய சுமார் அரை விநாடிதான் ஆகும். அதற்குள் அம்பயர், தேர்ட் அம்பயர் பார்க்காத ஆட்டங்களில் பந்து வீசுபவரின் முன்காலையும் பார்த்துவிட்டு, பந்து விழுந்த இடம், பட்ட இடம், பேட்டில் உரசிய ஒலி ஆகியவற்றையும் பிடிக்க வேண்டும். அப்பீல் இல்லாமல் அவுட் கொடுக்கவும் கூடாது. தீர்ப்பை மறுபரிசீலிக்கும் டிஆர்எஸ் வந்த பிறகும் அந்த மூன்றாவது கேள்வி கணிப்பாகவே இருக்கிறது. பந்தின் பாதிக்கும் குறைவான பகுதிதான் ஸ்டம்பில் படும் என்று படம் காட்டினால் களத்து அம்பயரின் தீர்ப்பே நிற்கும். ‘அம்பயர்ஸ் கால்’ என்ற அந்த ஏற்பாட்டைக் குறை சொல்பவர்கள் மிகுதி. ஆனால் கணிப்பின் ஓரத்தில் இயந்திரத்துக்கும் தயக்கம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் நேர்மையான விதி அது.

பிளே-ஆஃப் வாதங்களுக்குப் பாடப் புத்தகம் என்று ஓர் ஆண்டைச் சொல்ல வேண்டுமானால் அது 2019. மே 8 அன்று விசாகப்பட்டினத்தில் டெல்லிக்கும் ஹைதராபாத்துக்கும் நடந்த எலிமினேட்டரின் கடைசி ஓவரில், டெல்லியின் அமித் மிஸ்ரா எறி வரும் வழிக்கு மாறி ஓடியதால், ஃபீல்டிங்குக்கு இடையூறு செய்த குற்றத்துக்காக அவுட் ஆனார். அதுவரை ஐபிஎல்லில் 2013-ல் யூசுப் பதான் மட்டுமே இப்படி அவுட் ஆகியிருந்தார். டெல்லி இரண்டு விக்கெட்டில் வென்றுவிட்டதால் அந்தத் தீர்ப்பு பெரிதாகப் பேசப்படவில்லை. தோற்றவருக்கு எதிராகப் போன தீர்ப்பே ஊர் வாயில் நிற்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

மே 12 அன்று ஹைதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் மும்பையும் சென்னையும் மோதின. மும்பை இன்னிங்ஸின் கடைசி ஓவரில் பிரேவோ ஆஃப் பக்கம் வெகு வெளியே வீசினார். வைடு என்று நினைத்துப் பொல்லார்ட் விட்டார். அம்பயர் கையை விரிக்கவில்லை. பொல்லார்ட் மட்டையை மேலே எறிந்தார். அடுத்த பந்துக்கு வைடு கோட்டின் அருகே போய் நின்று, பிரேவோ ஓடி வரும்போது விலகி நடந்தார். அம்பயர்கள் அவரிடம் பேசினர். ஆட்டச் சம்பளத்தில் 25 சதவீதம் அபராதமும் விழுந்தது. பேட்ஸ்மேன் நகர்ந்து வந்து, பந்து அவர் எட்டும் தூரத்துக்குள் வந்துவிட்டால் அது வைடு ஆகாது என்பது விதி. வெளிக்கோட்டை மட்டும் பார்த்துப் பேசுகிறவர் பாதி விதியைத்தான் பேசுகிறார்.

சென்னை 150 ரன்னைத் துரத்தியபோது வந்தது அந்தப் பெரிய வழக்கு. 13-வது ஓவரில் ஓவர்த்ரோவுக்கு இன்னொரு ரன் ஓடிய தோனி முடிக்கும் முன், இஷான் கிஷன் எறிந்த பந்து நேராக ஸ்டம்பில் பட்டது. தேர்ட் அம்பயர் நைஜல் லாங் வெகு நேரம் பார்த்தார். ஒரு கோணத்தில் மட்டை கோட்டை எட்டியதுபோலவும், இன்னொரு கோணத்தில் எட்டாததுபோலவும் தோன்றியது. அவுட் என்று தீர்ப்பு வந்தது. தோனி 2 ரன். அணி 82 ரன்னில் நான்காவது விக்கெட்டை இழந்தது.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. கோடு பேட்ஸ்மேனுக்குச் சொந்தமில்லை. மட்டை கோட்டின் மேல் இருந்தால் அவுட், கோட்டைத் தாண்டி உள்ளே தரையைத் தொட்டால்தான் தப்பலாம். இரண்டாவது, விக்கெட் உடைந்த கணமே கணக்கு. மூன்றாவது, கேமராவின் எல்லை. விநாடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவில், விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடுகிறவர் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 14 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் அந்த இடைவெளி அடையாது. இந்த மூன்றையும் தெரிந்து ‘அவுட் இல்லை’ என்பவரின் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

தீர்ப்பின் வாதம் ஆட்டக்காரர்களின் வாதத்தை மூடிவிடக் கூடாது. தோனி போன பிறகும் ஆட்டம் சென்னையின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. வாட்சன் 59 பந்தில் 80 எடுத்தார். மலிங்காவின் 16-வது ஓவரில் 20 ரன், குருணால் பாண்டியாவின் 18-வது ஓவரில் 20 ரன். இடையில் 17-வது ஓவரில் பும்ரா கொடுத்தது 4 ரன். 19-வது ஓவரில் அவர் பிரேவோவை வீழ்த்தினார். அந்த ஓவரின் கடைசிப் பந்தை விக்கெட் கீப்பர் டி காக் விட்டதால் நான்கு பை போனது. அப்படியும் 9 ரன் மிச்சம். முதல் மூன்று ஓவரில் 42 ரன் கொடுத்திருந்த மலிங்காவிடமே ரோஹித் சர்மா கடைசி ஓவரைக் கொடுத்தார். வாட்சன் ரன் அவுட். கடைசிப் பந்தில் 2 ரன் தேவைப்பட, மெதுவாக வந்த யார்க்கரில் ஷர்துல் தாக்கூர் எல்பி. மும்பை ஒரு ரன்னில் கோப்பையை எடுத்தது. வாட்சன் இன்னும் சற்று முன்பே வேகம் கூட்டியிருக்கலாமா, நடு ஓவர்களில் 4 ஓவருக்கு 14 ரன் மட்டும் கொடுத்த ராகுல் சாஹரை யாராவது அடித்திருக்க வேண்டுமா என்ற கேள்விகள் நைஜல் லாங்கைப் பற்றிய கேள்வியைவிட ஆழமானவை.

ஐந்து ஆண்டு கழித்து, 2024 மே 18 அன்று, தோல் ஊர்களின் இரு கட்சியும் நேருக்கு நேர் நின்றன. பெங்களூர் சின்னசாமி மைதானத்தில் வென்றவருக்குப் பிளே-ஆஃபின் கடைசி இடம். தோற்றாலும் 201 ரன் எட்டினால் சென்னைக்கே அந்த இடம். பெங்களூர் பேட்டிங்கின்போது பந்துவீசிய சான்ட்னரின் விரலில் பட்ட பந்து ஸ்டம்பில் மோத, டு ப்ளெஸ்ஸி 54 ரன்னில் ரன் அவுட் ஆனார். மட்டை தரையில் இருந்ததா, காற்றில் இருந்ததா என்ற அதே வழக்கு. இந்த முறை சிவப்புக் கட்சி கொதித்தது. 2019-ல் கொதித்த மஞ்சள் கட்சி விதியை எடுத்துச் சொன்னது. கடைசி ஓவரில் அந்த 201-ஐ எட்ட 17 ரன் தேவை; முதல் பந்தைத் தோனி சிக்ஸர் அடித்தார்; அடுத்த பந்தில் யஷ் தயாள் அவரை வீழ்த்தினார். சென்னை 191-ல் நின்றது.

ரசிகர்களின் முறையீடு வீண் போவதில்லை. 2019 மார்ச் 28 அன்று பெங்களூரில் மலிங்காவின் கடைசிப் பந்து நோ பால் என்பதை அம்பயர் கவனிக்கவில்லை. பெங்களூர் 6 ரன்னில் தோற்றது. 2020 ஐபிஎல்லில் முன்கால் நோ பாலைப் பார்க்கும் வேலை தேர்ட் அம்பயரிடம் போயிற்று. 2023-லிருந்து வைடுக்கும் நோ பாலுக்கும் ரிவ்யூ கேட்கலாம். பொல்லார்ட் இன்று ஆடியிருந்தால் மட்டையை எறிய வேண்டியிருக்காது.

அமெரிக்க பேஸ்பாலிலும் இதே பாதைதான். 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட் அணியின் அர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையாக வீழ்த்திவிட்டு, 27-வது ஆளையும் வீழ்த்தியபோது, அம்பயர் ஜிம் ஜாய்ஸ் தவறாக ‘சேஃப்’ என்றார். படம் பார்த்ததும் ஜாய்ஸ் தவற்றை ஒப்புக்கொண்டார். கலராகா அவர் மேல் கோபம் காட்டவில்லை. 2014-ல் அங்கே படம் பார்த்துத் திருத்தும் முறை விரிவானது. ஆனால் அமைப்பில் ஒரு பெரிய வித்தியாசம். உலகத் தொடர் எனப்படும் அவர்களின் இறுதிச் சுற்றில் நான்கு ஆட்டம் வென்றவருக்குக் கோப்பை. 1985-ல் ஆறாவது ஆட்டத்தில் டான் டென்கிங்கரின் தவறான தீர்ப்புக்குப் பிறகு செயின்ட் லூயிஸ் தோற்றது. மறுநாள் ஏழாவது ஆட்டம் இருந்தது. அதில் 11-0 என்று தோற்றது ஆட்டக்காரர்களின் கணக்கு. ஐபிஎல்லில் இறுதி ஒரே ஆட்டம். தவறை ஈடுசெய்ய மறுநாள் இல்லாததால்தான் இங்கே ஒரு மட்டை நுனியை வருடக்கணக்கில் பேச வேண்டியிருக்கிறது.

சென்னையின் வெங்கடராகவன் இந்தியாவுக்காக 57 டெஸ்ட் ஆடி, பிறகு 73 டெஸ்ட்டுகளில் அம்பயராக நின்றார். ஆடியதைவிட அதிக டெஸ்ட்டுகளில் தீர்ப்புச் சொன்ன அவருடைய வாழ்க்கை, அம்பயரிங் தனித் திறமை என்பதற்குத் தமிழ்நாட்டின் சான்று. அந்தத் திறமையை எடைபோடும் ரசிகர் கேட்க வேண்டியவை மூன்றுதான்: விதி என்ன சொல்கிறது, நின்ற இடத்திலிருந்து அம்பயருக்கு என்ன தெரிந்திருக்கும், அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஆட்டத்தில் எவ்வளவு மிச்சம் இருந்தது. 2019 இறுதியில் தோனி போனபோது 44 பந்தும் ஆறு விக்கெட்டும் மிச்சம். அந்த 44 பந்தில் ஆட்டத்தை இழுத்துப் பிடித்தவர் பும்ரா. ஆட்டம் முழுவதிலும் அவர் கணக்கு 4 ஓவர், 14 ரன், 2 விக்கெட். ஆட்ட நாயகன் விருது சரியான ஆளுக்கே போயிற்று.