மறுக்கப்பட்ட அட்டை

1939 ஓகஸ்ட் 21ஆம் நாள், வேர்ஜீனியா மாநிலத்து அலெக்சாந்திரியா நகரில், கறுப்பின இளைஞர் ஐவர் பொது நூலகத்துட் சென்று அங்கத்துவ அட்டை கேட்டனர். மறுக்கப்படவே, ஆளுக்கொரு நூலை எடுத்துத் தனித்தனி மேசைகளில் அமர்ந்து மௌனமாக வாசித்தனர். ஒழுங்கீனமாக நடந்தனரென்று பொலிஸார் கைதுசெய்தனர். வாசிப்பு எவ்வாறு ஒழுங்கீனமாயிற்று என்பதை நீதிமன்று தீர்த்துரைக்கவேயில்லை. குற்றச்சாட்டுகள் தள்ளுபடியானது 2019இலேதான்.

நகரத்தார் 1940இல் அளித்த விடை, கறுப்பினத்தவர்க்கெனத் தனியாகக் கட்டிய றொபேட் றொபின்சன் நூலகம். போராட்டத்தை ஒழுங்குசெய்த சட்டத்தரணி சாமுவேல் ரக்கர் அதன் அட்டையை ஏற்க மறுத்தார். அக்கட்டடமே இன்று அந்நகரின் கறுப்பின வரலாற்று நூதனசாலையின் ஒரு பகுதி! இம்முரண் சிந்தனைக்குரியது. அதனைப் பயன்படுத்திய சிறுவர்க்கு அந்நூலகம் உண்மையான நூலகமே, அந்நினைவு பேணத்தக்கது. ஆயினும் போராடியோர் கேட்டது அதுவன்று. நூதனசாலையோடு திரும்பிவிடும் பார்வையாளர், சலுகையையே வெற்றியெனக் கருதிவிடக்கூடும். ஐவர் அமர்ந்து வாசித்த நூலகம் குயீன் வீதியில், பெருப்பிக்கப்பட்ட கட்டடத்தில், இன்றும் இயங்குகின்றது. நூதனசாலையைக் கண்டவர் அங்கும் செல்லல் வேண்டும். அங்கே கண்ணாடிப் பேழைகளைக் காட்டிலும் கவனத்துக்குரியவை, அட்டை வழங்கும் மேசையும் அதன்முன் நிற்கும் பலநிற மக்களுமே.