ரோசெட் என்னும் சிறு ரோசா

பிரெஞ்சு மொழியில் ரோசெட் என்றால் சிறு ரோசா என்று பொருள். ஆங்கிலத்தின் வழியே உலகெங்கும் பரவிய இச்சொல், இன்று ரோசாவோடு எவ்வகை உறவுமற்ற பொருள்களையும் சுட்டி நிற்கிறது. பிரெஞ்சு நாட்டின் செவாலியர் விருதுக்கு அடுத்த உயர்நிலை பெற்றோர் மார்பில் அணியும் நாடா முடிச்சு ரோசெட். சிறுத்தையின் மேனியில் வளையம் வளையமாய்த் தோன்றும் புள்ளிகளும் ரோசெட். நம் குளங்களில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் இலையடுக்கும் தாவர நூலாருக்கு ரோசெட்டே. (தாமரையும் அல்லாத, ரோசாவும் அல்லாத ஒரு களைக்குத்தான் எத்தனை மலர்ப் பெயர்கள்!)

இவற்றை இணைப்பது மலரன்று. ஒரு நடுவைச் சூழ்ந்து அடுக்கப்பட்ட வடிவமே. சொல் அந்தச் சூழலைக் காட்டுகிறது. நடுவில் இருப்பது யாது என்று சொல்வதில்லை. அணிகலனில் இது குறையன்று. ஆனால் மருத்துவத்திற்கு வருவோம். மலேரியாக் கிருமி புகுந்த சிவப்பணுவைச் சுற்றி, கிருமி புகாத அணுக்கள் வந்து ஒட்டிக்கொள்வதையும் ரோசெட் என்றே அழைக்கின்றனர். குழந்தைகளின் விழித்திரைப் புற்றுக்கட்டியை நுண்ணோக்கியில் காணும்போது, சில இடங்களில் உயிரணுக்கள் ஒரு சிறு வெற்றிடத்தைச் சூழ்ந்து நிற்கும். அதற்கும் அதே அழகிய பெயர்தான். பெயரிட்டவர் கண் கண்டதைச் சொன்னார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் அப்பெயரைக் கேட்டு மலரை நினைப்பவன் நோயைக் காணத் தவறுவான்.

இதே தவற்றைப் பேராலயங்களின் ரோசாச் சாளரங்கள் முன்பும் நாம் செய்கிறோம் என்பதே என் கருத்து. மரியன்னையை ரோசா என்று அழைத்து மன்றாடும் மரபில் வளர்ந்த நாம், ரோசா என்ற பெயரைக் கேட்டதுமே அச்சாளரங்கள் அனைத்தையும் அன்னைக்கு உரியனவாக்கி விடுகிறோம். 13ஆம் நூற்றாண்டில் லோசான் பேராலயச் சாளரத்தைத் தம் ஏட்டில் வரைந்த வில்லார் தெ ஒனெகூர், அதனை வட்டச் சாளரம் என்றே குறித்தார். மலரின் பெயர் பின்னாளில் நிலைத்தது.

பிரெஞ்சு நாட்டின் சார்த்தர் பேராலயத்தைப் பாருங்கள். அங்கே பெரும் சாளரங்கள் மூன்று. 1235 அளவில் அமைந்த வடபுறச் சாளரத்தின் நடுவில் அன்னை திருமகனோடு வீற்றிருக்கிறார். சுற்றிலும் புறாக்களும் வானதூதரும், அதற்கப்பால் யூதாவின் அரசர் பன்னிருவர், விளிம்பில் இறைவாக்கினர் பன்னிருவர். இதனை அன்னையின் மலர் என்றால் தகும். ஆனால் அதற்கு முந்திய மேற்குச் சாளரத்தின் நடுவில் இருப்பவர் இறுதித் தீர்ப்பு வழங்கும் கிறிஸ்து. தென்புறத்திலோ, திருவெளிப்பாட்டின் மூப்பர் இருபத்துநால்வர் சூழ மாட்சியுடன் வீற்றிருக்கும் ஆண்டவர். பொவே நகரின் புனித ஸ்தேவான் ஆலயத்திற்குச் சென்றால் நிலைமை இன்னும் கடுமை: அங்கே வட்டச் சாளரத்தின் விளிம்பைப் பற்றி மனிதர் ஒருபுறம் ஏறுகின்றனர், மறுபுறம் தலைகீழாய் விழுகின்றனர். அது ஊழின் சக்கரம். அதை ரோசா என்று அழைத்தால், விழுகிறவனை மறைத்துவிடுகிறோம்.

மறையுரையிலும் பக்திக் கட்டுரைகளிலும் ரோசாவின் மணத்தைப் பேசுவது எளிது. சக்கரத்தையும் தீர்ப்பையும் பேசுவது அரிது. பெயர் நமக்கு அந்த எளிய வழியைத் திறந்துவிட்டது.

தமிழில் எழுதுவோர்க்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் அமராவதிக் கற்களில் முழுதாய் விரிந்த தாமரைகள் செதுக்கப்பட்டுள்ளன. இந்தியச் சிற்பத்தின் இத்தகைய தாமரைகளையும் ஆங்கில நூல்கள் சிலவேளை ரோசெட் என்று குறிப்பதுண்டு. அதை மொழிபெயர்ப்பவர் ரோசா என்று எழுதினால் கல்லில் இல்லாத பூவொன்று தமிழில் பூத்துவிடும். தாமரையாயின் தாமரை என்றும், சாளரமாயின் வட்டச் சாளரம் என்றும் எழுதிவிட்டு, அதன் நடுவில் இருப்பவர் யாரென்பதை அடுத்த வரியிலேயே சொல்லிவிடலாம். அணுக்கூட்டத்திற்கு மட்டும் ரோசெட் என்பதை அப்படியே விட்டுவிடுவோம். அங்கே எந்த மலரின் பெயரும் வேண்டாம்.